லாரிக்கென்றே ஒரு பாலம்

பாலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது அதன் அழகுதான். உயர்ந்த கோபுரம், வீணைத் தந்தி போல இறங்கும் கம்பிவடம், கீழே பொங்கும் நீர். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் லாரேடோ நகரையும் மெக்சிகோவின் நுவோ லாரேடோ நகரையும் சேர்க்கும் உலக வர்த்தகப் பாலத்தில் இப்படி எதுவும் கிடையாது. ரியோ கிராண்டே ஆற்றின் மேல் சுமார் 300 மீட்டர் நீளத்துக்குத் தட்டையாகப் படுத்திருக்கும் எட்டுத் தடச் சாலை, அவ்வளவுதான். காவிரியின் மேலும் கொள்ளிடத்தின் மேலும் இதைவிட நீளமான பாலங்களை நாம் பேசிக்கொண்டே கடந்துவிடுகிறோம்.

ஆனால் இதன் மேல் கார் போகாது, பேருந்து போகாது, நடந்து போகவும் முடியாது. சரக்கு லாரி மட்டும்தான். 2023-ல் மெக்சிகோவிலிருந்து லாரேடோ வழியாக அமெரிக்காவுக்குள் வந்த லாரிகள் ஏறத்தாழ 30 லட்சம். சராசரியாக நாளுக்கு 8,000-க்கு மேல். ஊரைச் சுற்றி லாரி கடக்கும் பாலங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, வடமேற்கே ஒதுங்கி நிற்கும், 1991-ல் திறந்த கொலம்பியா பாலம். மற்றது இது. பெரும்பங்கு இதன் தலையில்தான் விழுகிறது. கார் பாகங்கள், இன்ஜின்கள், ஒயர் கட்டுகள், குளிர்சாதனப் பெட்டிகள், டைல்ஸ், பீர் என்று ஒரு நாட்டின் தொழிற்சாலையும் இன்னொரு நாட்டின் கடைத்தெருவும் இந்த 300 மீட்டரில் சந்தித்துக்கொள்கின்றன.

1994-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து செய்த தடையில்லா வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் லாரேடோவின் நடு ஊருக்குள் லாரிகள் அடைத்துக்கொண்டன. கார்களோடு கார்களாக, 1976-ல் திறந்த ஹுவாரெஸ்–லிங்கன் பாலத்தில் அவையும் ஊர்ந்தன. ஊர்க்காரர்கள் படாத பாடு பட்டார்கள். 2000 ஏப்ரலில் இந்தப் பாலம் திறக்கப்பட்டதும் லாரிகள் மொத்தமாக ஊருக்கு வெளியே திருப்பி விடப்பட்டன.

புகையும் இரைச்சலும் மட்டும் இதற்குக் காரணம் என்று நினைத்தால் பாதிதான் சரி. மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது.

1909-ல் டென்மார்க்கில் எர்லாங் என்ற கணித அறிஞர், தொலைபேசி இணைப்பகத்துக்கு வரும் அழைப்புகள் ஏன் ஒன்றன்மேல் ஒன்றாக மோதுகின்றன என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். காத்திருக்கும் வரிசைகளின் கணிதம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்தக் கணக்கில் ஒன்றைப் பாலத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு சோதனைச் சாவடி. அதிகாரி ஒரு லாரிக்குச் சராசரியாக 60 நொடி எடுத்துக்கொள்கிறார், ஆகவே மணிக்கு 60 லாரி பார்க்க முடியும். மணிக்கு 50 லாரிதான் வருகிறது. பத்து இடம் மிச்சம். வரிசையே இருக்கக் கூடாது என்றுதான் தோன்றும். ஆனால் லாரிகள் கடிகாரம் பார்த்து வருவதில்லை. ஒரு நிமிடத்தில் மூன்று வரும், அடுத்த மூன்று நிமிடம் எதுவும் வராது. ஒரு லாரிக்கு 20 நொடி போதும், இன்னொன்றுக்கு மூன்று நிமிடம் ஆகும். சும்மா கழிந்த நொடிகளைச் சேமித்து வைத்து நெரிசலில் செலவழிக்க வழியில்லை. இதையெல்லாம் சேர்த்தால், சாவடியைக் கடக்க ஒரு லாரிக்கு ஆகும் சராசரி நேரம் ஆறு நிமிடம்.

இப்போது அந்த அதிகாரிக்குப் புதிதாக ஒரு வேலை கொடுங்கள். சீல் எண்ணை ஒருமுறை கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும், பத்து நொடி ஆகும். 60 நொடி 70 ஆகிறது. ஆறு நிமிடம் ஏழு நிமிடம் ஆகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கணக்கு 42 நிமிடம் என்கிறது. மணிக்கு 60 என்றிருந்த சாவடியின் திறன் 51-க்குச் சற்று மேல் என்று இறங்கிவிட்டது, வரவோ 50. இடைவெளி பத்திலிருந்து ஒன்றரைக்கு வந்தது, கடக்க ஆகும் நேரம் ஏழு மடங்கானது. இன்னும் இரண்டே நொடி கூட்டி 72 ஆக்கினால் திறனும் வரவும் சமம். அதன் பிறகு வரிசைக்கு முடிவே இல்லை.

நிற்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டால் நிற்கும் லாரிகளின் எண்ணிக்கையும் தெரிந்துவிடும். மணிக்கு எத்தனை வருகிறதோ அதைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவே. பார்த்தால் சின்னப்பிள்ளைக் கணக்கு. ஆனால் எந்த வகை வரிசைக்கும் இது பொருந்தும் என்று ஜான் லிட்டில் முறையாக நிரூபித்தது 1961-ல்தான். இதன்படி 60 நொடிச் சாவடியில் நிற்பவை ஐந்து லாரி. 70 நொடிச் சாவடியில் 35. முன்னும் பின்னும் இடைவெளி விட்டு ஒரு டிரெய்லருக்கு 25 மீட்டர் வைத்துக்கொண்டால், 35 லாரி என்பது 875 மீட்டர். பாலத்தின் நீளமோ 300. வால் மெக்சிகோவுக்குள் நீண்டு கிடக்கும், அதுவும் ஒரு சாவடிக்கு மட்டும். லாரேடோவில் பத்துக்கும் மேற்பட்ட சாவடிகள் இருக்கின்றன.

கார்களைப் பிரித்ததன் நியாயமும் இங்கேதான் புரிகிறது. சராசரி ஒன்றாகவே இருந்தாலும், ஒவ்வொரு வண்டிக்கும் ஆகும் நேரம் மேலும் கீழுமாகச் சிதறினால் வரிசை நீளும். சிதறலே இல்லாமல் எல்லா லாரிக்கும் சரியாக 60 நொடி ஆகும் என்று வைத்தால், மேலே சொன்ன முதல் கணக்கின் ஆறு நிமிடத்தில் சோதனைக்கான ஒரு நிமிடம் போக, முறைக்காக நிற்கும் ஐந்து நிமிடம் இரண்டரை நிமிடமாகப் பாதியாகும். கார்க்காரரிடம் பாஸ்போர்ட் பார்க்க அரை நிமிடம். லாரியிலோ சரக்குப் பட்டியல், வரிக் கணக்கு, சீல், ஓட்டுநர் என்று எல்லாம் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே வரிசையில் விட்டால் சிதறல்தான் மிச்சம். பாலத்துக்குள்ளும் இதே தந்திரம் தொடர்கிறது: சரக்கு ஏற்றியவற்றுக்கு ஒரு பக்கம், காலி வண்டிகளுக்கு ஒரு பக்கம், முன்கூட்டியே விசாரித்து நம்பிக்கைச் சான்று பெற்ற நிறுவனங்களின் லாரிகளுக்குத் தனித் தடம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சோதனைகள் இறுகியபோது பிறந்த ஏற்பாடு அந்தச் சான்று. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. தனித் தடம் சாவடியின் வாசலில் மட்டும் இருந்து பயனில்லை. பொது வரிசையின் வால் எங்கே முடிகிறதோ அதற்கும் பின்னாலிருந்து அது தொடங்க வேண்டும். இல்லையென்றால் சான்று பெற்ற லாரியும் சான்று பெறாத லாரியின் பின்னால்தான் நிற்கும். எட்டுத் தடம் எதற்கு என்றால், வேகமாகப் போக என்பதைவிட, பிரித்து நிறுத்த என்பதே சரியான பதில்.

இதையெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்க முடியாதபடி 2022 ஏப்ரலில் ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் விஞ்ஞானி அல்ல, டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபட். குடியேற்றக் கொள்கையில் மத்திய அரசோடு மோதிக்கொண்டிருந்தவர், மத்திய சுங்கத்துறை பார்த்து அனுப்பிய லாரிகளை மாநிலக் காவல்துறை மீண்டும் நிறுத்திப் பிரேக், டயர், விளக்கு எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சாவடி இருக்கும்போது, பின்னதன் வரிசை நீண்டு முன்னதன் வாசலை அடைத்துவிட்டால், முன்னது எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தும் பயனில்லை. அதுதான் நடந்தது. டெக்சாஸ் எல்லைப் பாலங்களில் லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. காய்கறியும் பழமும் வெயிலில் நின்றன. ஃபார் என்ற ஊரின் பாலத்தில் மெக்சிகோ ஓட்டுநர்கள் பொறுமையிழந்து சாலையையே மறித்தார்கள். எல்லையைத் தொடும் மெக்சிகோ மாநிலங்களின் ஆளுநர்களோடு ஒவ்வொன்றாக உடன்பாடு போட்டு, பத்து நாளுக்குள் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. முதலில் விடுதலை பெற்றது கொலம்பியா பாலம். நுவோ லியோன் மாநிலம் முந்திக்கொண்டு கையெழுத்திட்டதன் பலன்.

உத்தரவு போனதும் வரிசை போய்விடுமா? போகாது. நம் கணக்குச் சாவடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 பார்க்கலாம், 50 வந்துகொண்டிருக்கிறது. பழையதைக் கரைக்க மணிக்குப் பத்து இடம்தான் உண்டு. நூறு லாரி தேங்கியிருந்தால் அது கரைய பத்து மணி நேரம். கல்யாண வீட்டில் முதல் பந்தி அரை மணி தாமதமானால் கடைசிப் பந்தி வரை அந்த அரை மணி கூடவே வரும், அதைப் போல.

ஆக, பத்து நொடியை எங்கே குறைக்கலாம் என்பதுதான் இந்தப் பாலத்தின் உண்மையான பொறியியல். பாதி வேலை லாரி பாலத்துக்கு வரும் முன்பே முடிந்துவிடுகிறது. சரக்கு விவரம் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே மின்னணு முறையில் அமெரிக்கச் சுங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சான்று பெற்றவர்களுக்கு அரை மணி போதும். சாவடியில் லாரி வந்து நிற்கும்போது திரையில் அதன் ஜாதகம் தயாராக இருக்கும். மீதிச் சந்தேகத்தைத் தீர்ப்பது கதிர்.

டிரெய்லரைத் திறந்து, சரக்கை இறக்கி, பார்த்து, மறுபடி ஏற்றினால் ஒரு வண்டிக்கே அரை நாள் போய்விடும். அதனால் லாரியை ஒரு வளைவுக்குள் மெதுவாக விட்டுக் காமா கதிரோ எக்ஸ்-கதிரோ பாய்ச்சிப் படம் எடுக்கிறார்கள். மருத்துவமனையில் நெஞ்சுக்கு எடுக்கும் படத்துக்கு ஒரு லட்சம் வோல்ட்டைச் சற்றுத் தாண்டினால் போதும். இங்கே கோபால்ட்-60 ஐசோடோப்பிலிருந்து வரும் காமா கதிரின் ஆற்றல் அதைப்போல் பத்து மடங்கு. பெரிய எக்ஸ்-கதிர்க் கருவிகள் 60 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரையும் போகும்.

கதிர் ஒரு பொருளுக்குள் நுழைந்தால் குறிப்பிட்ட தடிமனுக்கு ஒருமுறை பாதியாகும். கோபால்ட்-60 கதிருக்கு எஃகில் அந்தத் தடிமன் ஏறத்தாழ 1.6 சென்டிமீட்டர், தண்ணீரில் 11 சென்டிமீட்டர். 16 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள டிரெய்லரில் 20 டன் சரக்கைச் சீராகப் பரப்பினால், குறுக்கே போகும் கதிருக்கு அது அரை மீட்டர் தண்ணீருக்குச் சமம். நான்கரை முறை பாதியாகி, இருபதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மறுபக்கம் வந்து சேரும். படம் எடுக்க அது தாராளம். ஆனால் அதே கதிர் 16 சென்டிமீட்டர் எஃகைச் சந்தித்தால் பத்து முறை பாதியாகி ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். இன்ஜின் பிளாக்குகளுக்கு நடுவே ஒரு பொட்டலத்தை வைத்தால் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே வைத்தால் ஏன் அவ்வளவு கஷ்டமில்லை என்பது இதிலிருந்து தெரியும். டிரெய்லரின் தரையில் இருக்க வேண்டியதைவிட இரண்டு விரல்கடை தடிமன் கூடினாலும் பழகிய கண்ணுக்குப் படத்தில் பட்டுவிடும்.

ஓட்டுநர் என்ன ஆவார்? பழைய முறையில் அவர் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும், அதற்கு நேரம் ஆகும். அண்மையில் டெக்சாஸ் எல்லைக்கு வந்திருக்கும் கருவிகள், ஓட்டுநர் இருக்கும் பகுதி கடக்கும்போது குறைந்த ஆற்றலில் இயங்கி, சரக்குப் பகுதி வந்ததும் ஆற்றலை உயர்த்திக்கொள்கின்றன. அவர் இருக்கையை விட்டு எழவே வேண்டாம். நேரம் மிச்சம்தான். ஆனால் எடுத்த படத்தை யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டும். ஆயிரக்கணக்கில் படம் குவிந்தால் வரிசை சாலையிலிருந்து கணினிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

இன்னொரு வகைக் கருவி கதிரை அனுப்பாது, வருவதை மட்டும் பிடிக்கும். அணுப் பொருள் எதையாவது கடத்துகிறார்களா என்று பார்ப்பதற்காக வைத்தது. அதை அடிக்கடி அலற வைப்பவை டைல்ஸும் கிரானைட்டும் வீட்டுப் பூனைகள் மலம் கழிக்க வாங்கும் மண்ணும் வாழைப்பழமும். மண்ணில் இயல்பாகவே இருக்கும் யுரேனியம், தோரியம், பழத்தில் இருக்கும் பொட்டாசியம்-40 ஆகியவற்றின் வேலை அது. மெக்சிகோ பெரிய அளவில் டைல்ஸ் ஏற்றுமதி செய்யும் நாடு என்பதால் லாரேடோவில் இது வெறும் வேடிக்கைச் செய்தி இல்லை. ஒவ்வொரு பொய் அலறலும் நிமிடங்களைத் தின்னும்.

பாலத்துக்கே இந்த நிற்றல் என்ன செய்கிறது? ஓடும் லாரிதான் அதிகம் சேதப்படுத்தும் என்பது பொதுவான எண்ணம். குட்டையான கண்களைக் கொண்ட பாலத்துக்கு அதில் உண்மை உண்டு; மேடு பள்ளத்தில் குதிக்கும் லாரி தன் எடையைவிட அதிகமாக அழுத்தும். அமெரிக்காவின் இன்றைய பாலம் கட்டும் விதிநூல் இந்த அதிர்வுக்காக லாரியின் எடையில் 33 சதவீதத்தைக் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. ஆனால் நிற்கும் வரிசை நெருக்கத்தால் பழிவாங்கும். சட்டம் அனுமதிக்கும் முழு எடையான 36 டன் லாரிகள் 80 கிலோமீட்டர் வேகத்தில் இடைவெளி விட்டு ஓடினால் பாலத்தின் ஒரு தடத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் விழும் எடை அரை டன்னைச் சற்றுத் தாண்டும். ஒட்டி நின்றால் ஒன்றரை டன் ஆகிவிடும்.

சாலைத் தளத்தின் கணக்கு இன்னும் கடுமை. 1950-களின் இறுதியில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே புதுச் சாலைகள் போட்டு, அவை உடையும் வரை லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேல் விழும் எடை இரட்டித்தால் சாலையின் தேய்மானம் ஏறத்தாழ 16 மடங்கு ஆகிறது என்று தெரிந்தது. அதாவது நான்காம் அடுக்கு. அரை டன் தாங்கும் கார் அச்சோடு எட்டு டன் தாங்கும் லாரி அச்சை ஒப்பிட்டால், சாலையைப் பொறுத்தவரை அந்த ஒரே அச்சு 65,000 கார் அச்சுகளுக்குச் சமம். பாலத்தின் எஃகு இவ்வளவு கோபக்காரன் இல்லை, மூன்றாம் அடுக்கோடு நிறுத்திக்கொள்கிறது. மெக்சிகோவின் விதிகளோ இரட்டை டிரெய்லர்களை அமெரிக்க வரம்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை வரை தன் சாலைகளில் ஓட விடுகின்றன. ஆற்றின் இரு கரையிலும் எடைக்கு வேறு வேறு நியாயம். லாரேடோவின் கோடை 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் தார் இளகும். ஓடும் சக்கரத்தை அது தாங்கிக்கொள்ளும், ஒரே இடத்தில் நிற்கும் சக்கரத்தின் கீழ் மெதுவாக நகர்ந்து பள்ளம் விழும். லாரிகள் காத்து நிற்கும் இடங்களில் பொறியாளர்கள் தாரைவிடக் கான்கிரீட்டையே விரும்புவது இதனால்தான்.

இந்தப் பாலத்தைக் கடக்கும் லாரிகள் பெரும்பாலும் நெடுந்தூர லாரிகள் இல்லை என்பது எனக்கு இதில் மிகவும் விசித்திரமாகப் படும் விஷயம். மெக்சிகோவின் மான்டெரே நகரிலிருந்து சரக்கு கொண்டு வரும் வண்டி நுவோ லாரேடோவில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத் திரும்பிவிடும். இன்னொரு வண்டி அதை மாட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து லாரேடோவின் கிடங்கில் விடும். அங்கிருந்து சிகாகோவுக்கு மூன்றாவது வண்டி. நடு வண்டியை இரு கரையிலும் ‘டிரான்ஸ்ஃபர்’ என்கிறார்கள். சில கிலோமீட்டர் போய் வருவதே அதன் தொழில், ஒரு முறை கடந்தால் இவ்வளவு என்று கூலி. மெக்சிகோ லாரிகள் எல்லையை ஒட்டிய குறுகிய வட்டாரத்தைத் தாண்டி ஓடலாம் என்று 1994 ஒப்பந்தம் சொன்னதை அமெரிக்கா ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. அந்த இழுபறி நடந்த காலத்தில் இந்த ஏற்பாடு ஒரு தனித் தொழிலாகவே வேர்விட்டுவிட்டது. சரக்கை விட்டுவிட்டு டிரெய்லர் இல்லாமல் திரும்பும் மொட்டை வண்டியும் பாலத்தில் ஓர் இடத்தைப் பிடிக்கிறது. மூன்று நிமிடமோ மூன்று மணி நேரமோ, வரிசையில் நிற்கும் நேரத்தின் நஷ்டம் முதலில் விழுவது இந்த டிரான்ஸ்ஃபர் ஓட்டுநரின் சட்டைப் பையில்.

எட்டுத் தடத்தைப் பதினெட்டாக்க வேண்டும் என்று லாரேடோ நகராட்சி திட்டமிட்டிருக்கிறது. எல்லை தாண்டும் பாலத்தை விரிக்க அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அனுமதி வேண்டும் என்பது விதி. ரியோ கிராண்டேயின் வெள்ளத்தைத் தூண்கள் திசை திருப்பாது என்று இரு நாட்டு எல்லை நீர் ஆணையமும் ஒப்ப வேண்டும். 1954 வெள்ளம் லாரேடோவின் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனதை அந்த ஊர் மறக்கவில்லை. கான்கிரீட் போடுவது இதில் எளிய பகுதி. பத்துத் தடம் கூடும்போது அமெரிக்கக் கரையில் சாவடிகளும் அவற்றில் உட்கார அதிகாரிகளும் எக்ஸ்-கதிர்ப் படம் பார்க்கக் கண்களும் கூட வேண்டும். மெக்சிகோக் கரையில் சுங்க வளாகமும் அணுகு சாலையும் அதே வேகத்தில் விரிய வேண்டும். ஒரு கரை முந்திக்கொண்டால், கூடுதல் தடங்களில் கூடுதல் லாரிகள் நிற்கும்.